பனிக்கட்டி இதயம்: ஒரு சித்திரத் தொடரும் பார்த்தோர் தீர்ப்பும்



கதையொன்றைப் பார்த்து முடித்த பிள்ளையிடம் அது எப்படியிருந்தது என்று தமிழிற் கேட்டால், பெரும்பாலும் "நல்லாயிருந்தது" என்ற ஒரு சொல்லே விடையாகக் கிடைக்கின்றது. அதே பிள்ளை தன் நண்பர்களுடன் இந்நாட்டு மொழியில் அதே கதையைப் பற்றி அரை மணி நேரம் வாதிடுகின்றது. ஆகவே பிள்ளையிடம் கருத்து உண்டு. அதனைத் தமிழிற் சொல்லும் பழக்கமே குறைவு. இக்குறையைப் போக்கும் எண்ணத்துடன் எமது மேற்பிரிவு வகுப்பில் இவ்வாண்டு ஒரு சித்திரத் தொடரின் அங்கமொன்றை எடுத்து ஆராய்ந்தோம். அவ்வங்கத்தைப் பற்றிப் பார்வையாளர்களிடையே நிலவும் கருத்துகளையும் எமது மாணவர் கூறியவற்றையும் இங்கே விளக்க முயல்கின்றேன்.

"கார்ட்டூன் பார்ப்பதற்கா பிள்ளையைச் சனிக்கிழமை காலையில் எழுப்பி அனுப்புகிறோம்?" என்று பெற்றோர் சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வியே. கட்டுரையை முழுமையாகப் படித்தபின் அவர்களே தீர்ப்புக் கூறட்டும்.

தொடரின் தோற்றம்

பற்மன் என்னும் வௌவால் மனிதன் 1939 ஆம் ஆண்டு அமெரிக்கச் சித்திரக்கதை ஏட்டிற் பிறந்தவன். அவனைத் தலைவனாகக் கொண்ட அசைவுச் சித்திரத் தொடர் 1992 செப்டெம்பரில் அமெரிக்காவின் பொக்ஸ் தொலைக்காட்சியில் ஆரம்பமாகி, 85 அங்கங்களைக் கண்டது. புறூஸ் ரிம், எரிக் ரடொம்ஸ்கி ஆகிய இருவரும் அதனை உருவாக்கினர். பொதுவாகப் பின்னணிச் சித்திரங்களை வெள்ளைத் தாளிலே தீட்டுவர். இவர்களோ கறுப்புத் தாளில் ஒளி விழும் இடங்களை மட்டும் தீட்டுவித்தனர். அதனாற் கதை நிகழும் கொதம் நகரம் எந்நேரமும் இருளில் மூழ்கியதாகவே தோன்றும்.

நாம் எடுத்துக்கொண்ட அங்கம் 1992 செப்டெம்பர் 7 ஆம் திகதி ஒளிபரப்பானது. "பனிக்கட்டி இதயம்" என்று பொருள்படும் தலைப்பைக் கொண்டது. போல் டினி எழுத, புறூஸ் ரிம் இயக்கினார். அதன் எழுத்திற்காக 1993 இல் எமி விருது வழங்கப்பட்டது. ஓடும் நேரம் இருபத்திரண்டு நிமிடம் மட்டுமே.

கதைச் சுருக்கம்

விக்ரர் பிறீஸ் என்னும் விஞ்ஞானியின் மனைவி நோரா தீராத நோயுற்றாள். மருந்து கண்டுபிடிக்கப்படும்வரை அவளுடைய உயிரைக் காக்க, அவளை உறைநிலைப் பேழையொன்றில் வைத்துக் கணவன் ஆய்வு செய்துவந்தான். அவன் பணிபுரிந்த நிறுவனத்தின் தலைவன் பெரிஸ் பொயில், தன் அனுமதியின்றித் தனது கருவிகள் பயன்படுத்தப்படுகின்றன என்று கூறி ஆய்வை நிறுத்த வந்தான். பேழையை அணைத்தால் மனைவி இறந்துவிடுவாள் என்று மன்றாடிய விஞ்ஞானி, காவலாளியின் துப்பாக்கியைப் பறித்து நீட்டினான். தலைவன் இணங்குவதுபோல் நடித்து, அவனை இரசாயனப் பொருள்களின் மேல் உதைத்துத் தள்ளினான். மனைவி போனாள், அவனோ கடுங்குளிரில் மட்டுமே உயிர்வாழக்கூடிய உடலைப் பெற்றான்.

பின்னர் குளிர்க்கவசம் அணிந்து, உறைபனித் துப்பாக்கி ஏந்தி, அந்நிறுவனத்தைப் பழிவாங்கப் புறப்படுகின்றான். "மனிதநேயர்" என்ற விருதைப் பொயில் பெறவிருக்கும் விழா மண்டபத்தையே பனியில் மூடுகின்றான். விபத்தின் உண்மையைக் காட்டும் வீடியோ நாடாவைப் பற்மன் கண்டெடுக்கின்றான். கடைசிச் சண்டையில், தடிமனுக்காகப் பணியாளர் அல்பிரட் கொடுத்துவிட்ட கோழி சூப் நிறைந்த சுடுதண்ணீர்ப் போத்தலால் அடித்தே பகைவனின் கண்ணாடிக் கவசத்தை உடைக்கின்றான். நாடாவைச் செய்தியாளரிடம் கையளிக்கின்றான். விஞ்ஞானி சிறைக்கூடத்தில் அமர்ந்து, உள்ளே பனி பொழிய நடன மங்கை ஆடும் கண்ணாடி உருண்டையைப் பார்த்தவாறு, இறந்த மனைவியிடம் மன்னிப்புக் கேட்பதுடன் கதை முடிகின்றது.

பார்த்தோர் கூறுவன

இவ்வங்கத்தைத் தொடரின் மிகச் சிறந்த அங்கங்களுள் ஒன்றாகப் போற்றுவோர் மிகப் பலர். அவர்கள் கூறும் முதற் காரணம் வில்லனின் மாற்றமாகும். இப்பாத்திரம் 1959 இல் "மிஸ்டர் சீரோ" என்ற பெயரில் அறிமுகமான சாதாரணக் கொள்ளைக்காரனே. 1960களில் வந்த பற்மன் தொலைக்காட்சித் தொடர் அவனுக்கு மிஸ்டர் பிறீஸ் என்ற பெயரைக் கொடுத்தது. நோராவையும் அந்தத் துயரத்தையும் கொடுத்தது 1992 ஆம் ஆண்டின் இவ்வங்கமே. பின்னர் சித்திரக்கதை ஏடுகளும், 1997 இல் வெளிவந்த திரைப்படமும் இக்கதையையே ஏற்றுக்கொண்டன. ஏட்டிலிருந்து தொலைக்காட்சிக்குச் செல்வதே வழமை. இங்கே தொலைக்காட்சி ஏட்டைத் திருத்தியது.

இரண்டாவது, குரல். வில்லனுக்குக் குரல் கொடுத்த மைக்கல் அன்சாரா கத்தவில்லை; அழவுமில்லை. ஈரம் வற்றிய குரலில், ஒரே சீராகப் பேசுகின்றார். அழத் தெரியாமற்போன மனிதனின் குரல் அது என்பர் இரசிகர்.

மாறுபட்ட கருத்துகளுக்கும் இடமுண்டு. வீரனுக்கு இதிற் பெரிய வேலை இல்லையே என்று ஒருவர் கேட்கலாம். சிறுவர் நிகழ்ச்சிக்கு இத்துணைச் சோகம் தகுமா என்று இன்னொருவர் கேட்கலாம். என்னளவில் ஒரு குறை தோன்றுகின்றது: பொயில் முழுக்க முழுக்கக் கெட்டவனாக வரையப்பட்டிருக்கின்றான். கருவிகளின் உரிமையாளன் என்ற முறையில் அவன் பக்கத்திலும் சிறிது நியாயம் இருந்திருந்தால், நாம் இன்னும் ஆழமாகச் சிந்தித்திருப்போம்.

எமது வகுப்பில் நடந்தது

மாணவரை மூன்று அணிகளாகப் பிரித்தேன். விஞ்ஞானி குற்றவாளியா, பாதிக்கப்பட்டவனா, இரண்டுமா என்பதே கேள்வி. ஒரு விதி மட்டும் இட்டேன்: கருத்தைக் கூறுபவர் "ஏனென்றால்" என்று தொடங்கும் வசனமொன்றையும் கூறவேண்டும், அதற்குக் கதையிலிருந்து ஒரு நிகழ்ச்சியைச் சான்றாகக் காட்டவும் வேண்டும்.

முதலணி, அவன் குற்றவாளியே என்றது. ஏனென்றால், அவனது துப்பாக்கி தன் கூலியாளையே தவறுதலாக உறையச்செய்தபோது, அந்த மனிதனைத் திரும்பிப் பாராமல் விட்டுச் சென்றான். அவனைத் தூக்கிச்சென்று காப்பாற்றியவன் பற்மனே. நல்ல சான்று. மற்றைய அணி, விழாவிற்கு வந்து கைதட்டிய கூட்டத்தைச் சுட்டிக்காட்டி, மனிதநேயர் என்று ஊர் கொண்டாடியவனே உண்மைக் குற்றவாளி என்றது. அதுவும் நல்ல சான்றே.

இங்கே சிலப்பதிகாரத்தை நினைவூட்டினேன். கண்ணகியும் நீதியின்றித் துணையை இழந்தவள். ஆயினும் அவள் முதலில் அரசவைக்குச் சென்று வழக்குரைத்தாள். சிலம்பை உடைத்து, தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்றும் அரசியின் சிலம்பின் பரல் முத்து என்றும் சான்று காட்டினாள். மதுரையை எரித்தபோதும் முதியோரையும் குழந்தைகளையும் தீண்டாதே என்று நெருப்புக்குக் கட்டளையிட்டாள். பனிமனிதனுக்கு அந்த எல்லை இருக்கவில்லை. "அப்படியென்றால் அந்த வீடியோ நாடாதான் சிலம்பு" என்றான் பின்வரிசையில் இருந்த ஒரு மாணவன். இவ்வொப்புமை எனக்குத் தோன்றியிருக்கவில்லை.

அதன்பின் இதுவரை பேசாதிருந்த மாணவி ஒருத்தி எழுந்தாள். "எங்கட அம்மம்மாவும்தான் மாமாவை இழந்தவ. அவ ஒருத்தருக்கும் ஒன்றும் செய்யேல்லையே. ஒவ்வொரு வருசமும் அந்த நாளிலை சமைச்சு எல்லாருக்கும் சாப்பாடு குடுக்கிறவ" என்றாள். துயரம் ஒருவனைக் கொடியவனாக்கியே தீரும் என்ற வாதத்திற்கு இதைவிடச் சிறந்த மறுப்பை நான் எந்நூலிலிருந்தும் எடுத்துக் காட்டியிருக்க முடியாது. உடனே இன்னொருவன் கேட்டான்: "சரி, பற்மன் நாடாவைக் குடுத்தபடியால் உண்மை வெளியிலை வந்தது. நாடா இல்லாத ஆக்கள் என்ன செய்யிறது, சேர்?"

வகுப்பு அமைதியானது. எம்முள் பலருடைய வீட்டுச் சுவர்களில் மாலையிட்ட படங்கள் தொங்குகின்றன. அவற்றைப் பற்றிப் பிள்ளைகளுடன் எப்படிப் பேசுவதென்று தெரியாமல் நாம் பேசாதிருந்துவிடுகின்றோம். பிள்ளைகளோ பார்த்துக்கொண்டுதான் இருக்கின்றார்கள். அம்மாணவனின் கேள்விக்கு என்னிடம் முழுமையான விடை இல்லை. சான்று அழிந்த இடத்தில் சாட்சியின் சொல் எஞ்சுகின்றது. அச்சொல்லைக் கேட்டு, தேதியுடனும் பெயருடனும் எழுதி வைக்கும் அடுத்த தலைமுறை வேண்டும் என்று மட்டும் கூறினேன். அதற்கு மொழி வேண்டும் என்பதை நான் கூறவில்லை. அதனை அவர்களே உணர்ந்தார்கள் என்று நம்புகின்றேன்.

கருத்துக் கூறும் முறை

மாணவர்களே, இனி நீங்கள் எதனைப் பார்த்தாலும் நான்கு படிகளை நினைவிற் கொள்ளுங்கள். முதலில் நடந்ததை நடந்தவாறு சொல்லுங்கள். அடுத்து உங்கள் கருத்தை ஒரே வசனத்திற் சொல்லுங்கள். பின்னர் அதற்கான காரணத்தையும் சான்றையும் தாருங்கள். இறுதியாக, மாற்றுக் கருத்துடையவர் என்ன சொல்வார் என்பதை நேர்மையாக எடுத்துக் கூறுங்கள். இந்த நான்காம் படியே கடினமானது. எதிரணியின் வாதத்தை அவர்களே ஒப்புக்கொள்ளும் வகையிற் கூறமுடியாதவர் இன்னும் சிந்தித்து முடிக்கவில்லை. "போர்", "மொக்கை" என்பன கருத்துகள் ஆகா, அவை மனநிலைகள். அவற்றை ஏன் என்று கேட்டால்தான் கருத்துப் பிறக்கும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்

பிள்ளைகள் பார்ப்பவற்றை நாம் முழுவதும் தடுத்துவிட முடியாது. பக்கத்தில் அமர முடியும். கிழமைக்கு ஒருமுறை, இருபது நிமிடம் போதும். முடிந்ததும் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, "ஆர் செய்தது பிழை? ஏன்? நீ எண்டால் என்ன செய்திருப்பாய்?" என்று வீட்டுத் தமிழிலேயே கேளுங்கள். பிள்ளை இடையிடையே இந்நாட்டுச் சொற்களைக் கலந்தால் உடனே திருத்தாதீர்கள், வசனம் முடியட்டும். பின்னர் அதற்குரிய தமிழ்ச் சொல்லை நீங்கள் உங்கள் மறுமொழியிற் பயன்படுத்துங்கள். அடுத்த கிழமை அச்சொல் பிள்ளையின் வாயிலிருந்து வரும்.

எமது மேற்பிரிவு மாணவர் இவ்வங்கத்தைப் பற்றி எழுதிய விமரிசனங்கள் விழா மண்டபத்தின் வாயிலில் ஒட்டப்பட்டுள்ளன. எழுத்துப்பிழைகளை நான் திருத்தவில்லை. ஒவ்வொன்றிலும் "ஏனென்றால்" என்ற சொல் எத்தனை முறை வருகின்றது என்று எண்ணிப் பார்க்குமாறு அன்புடன் கேட்டுக்கொள்கின்றேன்.