இரண்டாவது பெட்டி எதற்கு?

உங்கள் வீட்டுக்காரர் ஒரு சனிக்கிழமை மாலை, பெரிய அட்டைப் பெட்டி ஒன்றைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஆட்டோவிலிருந்து இறங்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"என்ன இது?" என்று கேட்கிறீர்கள்.

"சப்வூஃபர்" என்கிறார்.

"அதுதான் ஏற்கெனவே ஒன்று டி.வி.க்குப் பக்கத்தில் உட்கார்ந்து உறுமிக்கொண்டிருக்கிறதே!"

"இது இரண்டாவது!"

அப்போது உங்களுக்கு வரும் கோபம் நியாயமானதுதான். எனக்கும் வந்தது. ஆனாலும் பெட்டியைத் திருப்பி அனுப்புவதற்கு முன் நான் சொல்வதைக் கொஞ்சம் கேளுங்கள். எங்கள் வீட்டில் இரண்டு வருஷமாக நடந்து வந்த ஒரு சண்டை அந்தப் பெட்டியால்தான் தீர்ந்தது.

எங்கள் கூடம் 14 அடி நீளம். முன் சுவரில் டி.வி.; அதன் காலடியில் சப்வூஃபர். கூடத்துக்கு நட்ட நடுவில் அவருடைய நாற்காலி. பின் சுவரை ஒட்டி ஸோபா. அதில் நானும் மாமியாரும். சினிமாவில் இடி இடித்தால் போதும், "மார் படபடக்கிறது, அம்மா. அவனைக் குறைக்கச் சொல்லு" என்பார் மாமியார். அவரோ, "என்ன படபடப்பு? எனக்கு பேஸே கேட்கவில்லையே!" என்று சொல்லி, ரிமோட்டை எடுத்து இன்னும் இரண்டு புள்ளி கூட்டுவார். எங்களுக்கு வீண் பிரமை என்பது அவர் கட்சி. அவரைக் காது டாக்டரிடம் அழைத்துப் போக வேண்டும் என்பது என் கட்சி.

கடைசியில் பார்த்தால் இரண்டு கட்சியும் சொன்னது உண்மை!

அகலமான பேஸினில் தண்ணீர் நிரப்பித் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறீர்கள் அல்லவா? தண்ணீர் எங்கே தளும்புகிறது? இரண்டு ஓரங்களிலும் ஏறி ஏறி இறங்கும். நடுவில் மட்டும் சாதுவாக இருக்கும். கூடத்துக்குள் கனத்த நாதம் தளும்புவதும் இப்படித்தான். சப்தம் விநாடிக்கு ஏறக்குறைய 1,130 அடி ஓடுகிறது. விநாடிக்கு 40 தடவை அதிரும் நாதத்தின் ஒரு அலை சுமார் 28 அடி நீளம். எங்கள் கூடமோ அதில் சரிபாதி. அலை பின் சுவரில் மோதித் திரும்பி, வரும் அலையோடு கலக்கிறபோது, இரண்டு சுவர்களின் ஓரத்திலும் நாதம் குவிகிறது. நடுவில் ஒன்றுமில்லாமல் போகிறது. அந்த ஒன்றுமில்லாத இடத்தில்தான் அவர் நாற்காலியைப் போட்டிருந்தார். குவிகிற இடத்தில் மாமியாரை உட்கார்த்தி வைத்திருந்தோம், பாவம்!

எல்லா ஸ்வரத்துக்கும் இந்தக் கதி நேர்வதில்லை. சில இடங்களில் சில ஸ்வரம் பூதாகாரமாக எழும், சில காணாமற் போகும். பேஸ் கிடாரின் கனத்த தந்தி விநாடிக்கு சுமார் 41 தடவை அதிர்கிறது. இளையராஜாவின் பாட்டுகளில் அந்தக் கிடார் தனியாக ஒரு கதை சொல்லிக்கொண்டே போகுமே, அதில் அடி ஸ்வரம் வரும்போதெல்லாம் எங்கள் வீட்டுக்காரருக்கு ஒரு வார்த்தை விட்டுப் போயிருக்கிறது!

கனத்த நாதத்தின் பலம் சாமானியமல்ல. 1974-ல் 'எர்த்க்வேக்' என்ற ஹாலிவுட் படம் வந்தபோது, பூகம்பக் காட்சிக்காகத் தியேட்டர்களில் ராட்சச ஸ்பீக்கர்கள் வைத்தார்கள். ஹாலிவுட்டின் பிரசித்தி பெற்ற சைனீஸ் தியேட்டரில் மேற்கூரைக் காரை ஜனங்கள் தலையில் விழாமலிருக்க வலை கட்ட வேண்டியிருந்தது. நம் கூடத்தில் காரை விழாது. நிம்மதி விழுந்துவிடும்.

சரி, இரண்டாவது பெட்டி என்ன செய்கிறது? சப்தத்தைக் கூட்டத்தான் அதை வாங்குவது என்று நினைத்தேன். அது தவறு. முதல் பெட்டி முன் சுவரின் நடுவிலும் இரண்டாவது பின் சுவரின் நடுவிலும் இருந்து, இரண்டும் ஒரே சமயத்தில் ஒரே அளவு தள்ளினால், இந்தத் தளும்பல் அடங்கிவிடுகிறது. ஒன்று கிளப்புகிற அலையை மற்றது தட்டிச் சமன் செய்கிறது. நாற்காலிக்கும் ஸோபாவுக்கும் ஏறக்குறைய ஒரே பங்கு கிடைக்கிறது. அமெரிக்காவில் ஹார்மன் கம்பெனியைச் சேர்ந்த டாட் வெல்டி என்பவர் 2002-ல் இதைத் தீர ஆராய்ந்தார். நாலு சுவர்களின் நடுவிலும் ஒவ்வொன்றாக நாலு பெட்டி வைப்பது மிக நல்லது. எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் இரண்டு வைத்தாலும் அதற்கு வெகு அருகில் வந்துவிடலாம் என்று கண்டார். (நாலு என்பதை உங்கள் வீட்டில் உரக்கப் படிக்க வேண்டாம்.)

பணம் செலவழிப்பதற்கு முன் செலவில்லாத வைத்தியம் ஒன்று உண்டு. நாற்காலியை நடுவிலிருந்து இரண்டடி நகர்த்துங்கள். ஸோபாவைச் சுவரிலிருந்து முன்னால் இழுங்கள். பெட்டி மூலையில் இருந்தால் வெளியே கொண்டு வாருங்கள். மூலைதான் உறுமலுக்குத் தாய்வீடு. நல்ல இடம் கண்டுபிடிக்க ஒரு வேடிக்கையான வழியும் இருக்கிறது. பெட்டியைத் தூக்கி, நாம் உட்காருகிற நாற்காலியிலேயே வைத்துவிட்டு, பாட்டைப் போட்டு, கூடத்தைச் சுற்றித் தவழ்ந்து வர வேண்டும். எந்த இடத்தில் நாதம் ஒழுங்காகக் கேட்கிறதோ அங்கே பெட்டியை வைத்தால், நாற்காலியில் அப்படியே கேட்கும். எங்கள் வீட்டுக்காரர் முழங்காலில் தவழ்ந்துகொண்டிருந்தபோது எதிர் ஃபிளாட் மாமி உறை மோர் கேட்டு வந்துவிட்டார். "ஏதாவது தொலைந்துபோச்சா?" என்று அவரும் குனிந்து தேட ஆரம்பித்தார்!

இதெல்லாம் போதாவிட்டால் இரண்டாவது பெட்டி வாங்கலாம். முடிந்த வரை முதலாவதின் ஜோடியாகவே வாங்குங்கள். ஒன்று யானையும் ஒன்று பூனையுமாக இருந்தால் சமன் ஆகாது. புதிதாகவே வாங்குகிறவர்கள் பெரிய ஒன்றுக்குப் பதில் நடுத்தரமாக இரண்டு வாங்குவது மேல் என்பது என் அபிப்பிராயம். 'ஃபேஸ்' என்றொரு ஸ்விட்ச் பின்பக்கம் இருக்கும். அதில் இரண்டும் மாறி நின்றால், ஒன்று தள்ளும்போது மற்றது இழுக்கும், நாதமே செத்துவிடும். ரிசீவரில் 'கிராஸ்ஓவர்' என்பதை 80-ல் வையுங்கள். அதற்குக் கீழ்ப்பட்ட நாதம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காதுக்கு லேசில் பிடிபடாது. அதனால் ஸோபாவின் பின்னால் பெட்டி இருந்தாலும், முதுகுக்குப் பின்னால் யாரோ உறுமுகிற மாதிரி இராது. கடைசியாக, இரண்டின் சப்தத்தையும் குறைத்து வையுங்கள். இது கட்டாயம்.

கீழ் வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. பெட்டிகளின் அடியில் தடித்த ரப்பர் விரிப்புப் போட்டிருக்கிறோம். தரை அதிர்வு அதனால் குறைகிறது. ஆனால் காற்றில் போகிற கனத்த நாதம் சுவரையும் தாண்டும். ஆகையால் இரவு ஒன்பதரைக்கு மேல் இரண்டு பெட்டிக்கும் ஓய்வு. அந்த ஸ்விட்ச் என் பக்கத்தில் இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை டி.வி.யில் கச்சேரி. தனி ஆவர்த்தனம் ஆரம்பித்தது. மாமியார் ஸோபாவில் சாய்ந்து கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு மகனைப் பார்த்துச் சொன்னார்: "ஏண்டா, மிருதங்கம் நன்றாக இருக்கிறதே. ஒரு புள்ளி கூட்டேன்!"