கண்ணில் படாத மீனைக் காட்டிக்கொடுத்த தண்ணீர்!

மீன் கண்ணில் படவில்லை. வலையிலும் சிக்கவில்லை. ஆனாலும் அதன் தடயம் இருக்கிறது என்றார்கள் விஞ்ஞானிகள். அவர்களுடைய சாட்சி, கால்வாயில் மொண்டு எடுத்த தண்ணீர்! அந்தச் சாட்சி கோர்ட்டு வரை போனது.

இது நடந்தது அமெரிக்காவில் உள்ள சிகாகோ நகரில். ஆண்டு 2009.

தப்பி வந்த மீன்கள்

வெள்ளிக் கெண்டை இந்தியாவிலும் குளங்களில் வளர்க்கப்படும் மீன்தான். அதற்கு உறவு, பெருந்தலைக் கெண்டை. இரண்டும் ஆசியாவைச் சேர்ந்தவை. பண்ணைக் குளங்களைச் சுத்தமாக வைத்திருக்கும் என்று 1970-களில் இவற்றை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து தப்பிய மீன்கள் மிசிசிப்பி ஆற்றில் புகுந்து பெருகிவிட்டன. மற்ற மீன்களின் குஞ்சுகளுக்கு வேண்டிய நுண்ணுயிர்களை இவையே தின்று தீர்த்தன.

அந்த ஆற்றையும் பெரிய மிச்சிகன் ஏரியையும் சிகாகோ கால்வாய் இணைக்கிறது. ஏரிக்குள் இவை புகுந்துவிட்டால் மீன்பிடித் தொழிலை நம்பியவர்கள் கதி என்ன? மீன்களைத் தடுக்கக் கால்வாய்த் தண்ணீருக்குள் மின்சார வேலி போடப்பட்டிருந்தது. அதைத் தாண்டினவா, இல்லையா என்பதுதான் கேள்வி.

தடயம் எப்படி?

நீந்தும் மீனின் சளி, செதில், கழிவு ஆகியவற்றோடு டி.என்.ஏ. என்னும் மரபுப் பொருளும் தண்ணீரில் கலக்கிறது. கைரேகையைக் கொண்டு ஆளை அறிவது போல, இதைக் கொண்டு மீன் இனத்தை அறியலாம். தண்ணீரை வடிகட்டி, வடிதாளில் தங்கிய டி.என்.ஏ.வைப் பிரிக்கிறார்கள். தேடும் இனத்தின் துணுக்கு அதில் இருந்தால், அதைக் கோடிக்கணக்கில் பெருக்கிக் கண்டுபிடிக்கிறார்கள். பிரான்சில் குளங்களில் இருந்த அமெரிக்கத் தவளை இனம் ஒன்றை இப்படிக் கண்டறிந்த ஆய்வு 2008-ல் வெளிவந்தது.

நோட்டர்டாம் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் சிகாகோவில் இந்தச் சோதனையைச் செய்தார்கள். வேலிக்கு அப்பாலும் கெண்டையின் டி.என்.ஏ. கிடைத்தது!

சுப்ரீம் கோர்ட்டில் வழக்கு

கால்வாய் மதகுகளை உடனே மூட வேண்டும் என்று மிச்சிகன் மாநிலம் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. மூடினால் சரக்குப் படகுகள் நின்றுவிடும், பிழைப்புக் கெடும் என்றது எதிர்த்தரப்பு. டி.என்.ஏ. இருந்தால் உயிருள்ள மீன் இருப்பதாக அர்த்தமா என்ற வாதமும் எழுந்தது.

நியாயமான வாதம்தான். மீனைத் தின்ற பறவையின் எச்சத்திலும் அந்த டி.என்.ஏ. இருக்கும். படகில் ஒட்டிக்கொண்டும், சாக்கடை நீரோடும் அது வந்து சேரலாம். 2010 ஜனவரியில், மதகுகளை உடனே மூட உத்தரவிட சுப்ரீம் கோர்ட்டு மறுத்துவிட்டது.

சிக்கியது கெண்டை!

ஐந்தே மாதம் கழிந்தது. 2010 ஜூனில், வேலிக்கு அப்பால் உள்ள காலுமெட் ஏரியில் மீனவர் வலையில் ஒரு பெருந்தலைக் கெண்டை சிக்கியது. எடை சுமார் 9 கிலோ. மிச்சிகன் ஏரிக்கு அங்கிருந்து சுமார் 10 கிலோமீட்டர்தான்!

ஒரு மீன் சிக்கியதால் தண்ணீர் சொன்னது அத்தனையும் மெய் என்று ஆகிவிடாது. எத்தனை மீன், உயிரோடு இருக்கிறதா என்பதைத் தண்ணீர் சொல்லாது. எங்கே தேட வேண்டும் என்று மட்டும் சொல்லும். அதுவே பெரிய உதவி என்பதால், இந்தச் சோதனையை அமெரிக்க மீன்வளத் துறையினர் பின்னர் வழக்கமான வேலையாகவே ஆக்கிக்கொண்டார்கள். ஆனாலும் மீனைப் பிடித்துக் காட்ட, வலையோடு மீனவர்தான் இறங்க வேண்டியிருக்கிறது.