நாரையிடம் கற்ற பாடம்



வெயில் ஏறிய வேளையில் திறந்தவெளி ஒன்றில் நின்று மேலே நோக்குவோமாயின், பருந்தொன்று சிறகை அசையாது விரித்தபடி வட்டமிட்டு உயர்வதைக் காணலாம். சில ஆண்டுகளின் முன் வகுப்பிலே இக்காட்சியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, சிறகு செய்து கையிற் கட்டிக்கொண்டால் நாமும் பறக்கலாகாதா?" என வினவினான். ஏனைய மாணவர் நகைத்தனர். நான் நகைக்கவில்லை. பேரறிஞர் பலர் தம் வாழ்நாளைச் செலவிட்ட வினா அது. ஒருவர் தம் உயிரையே கொடுத்த வினாவுமாகும்.

தன் தசைவலியாற் பறக்கும் ஆற்றலை உயிர்க்குலம் நான்கு முறை தனித்தனியே அடைந்திருக்கிறது. முதலிற் பறந்தவை பூச்சிகள். அடுத்து, இன்று அற்றுப்போய்விட்ட தெரோசோர் என்னும் ஊர்வன பறந்தன. அவற்றின் பின் பறவைகளும், பாலூட்டிகளுள் வௌவால்களும் வானை அடைந்தன. பறவையின் சிறகு இறகுகளால் ஆனது. வௌவாலின் சிறகோ நீண்ட விரல்களிடையே விரிந்த தோல். வழி வேறாயினும் விதி ஒன்றே. வளைந்த சிறகு காற்றைக் கீழ்நோக்கித் தள்ளுகிறது. காற்று சிறகை மேல்நோக்கித் தாங்குகிறது.

பறவையின் உடலமைப்பு முழுவதும் இத்தொழிலுக்கென அமைந்தது. அதன் எலும்புகள் பல உள்ளே பொள்ளலானவை. புறாவின் மார்புத் தசை மட்டும் அதன் உடல் நிறையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்காகும். மனிதனுடைய மார்பும் புயங்களும் அத்தகைய வலிமை உடையன அல்ல. 1680 இல் வெளிவந்த தமது நூலில் இத்தாலிய அறிஞர் பொரெல்லி இவ்வுண்மையை எடுத்துக்காட்டினார். ஆகவே கையிற் சிறகு கட்டிக் கோபுரத்தினின்று குதித்தோர் வீழ்ந்தமைக்குக் காரணம் துணிவின்மையன்று, தசையின் போதாமையே.

பின்னர் ஆங்கில அறிஞர் ஜோர்ஜ் கெயிலி 1799 இல் ஒரு தெளிவைக் கண்டார். பறவையின் சிறகு, உடலைத் தாங்கும் தொழிலையும் முன்செலுத்தும் தொழிலையும் ஒருங்கே செய்கின்றது. மனிதன் செய்யும் பொறியிலே இவ்விரண்டையும் பிரித்துவிட்டால் என்ன என்று அவர் எண்ணினார். அசையாத சிறகு தாங்கட்டும். வேறொரு கருவி செலுத்தட்டும். இன்றைய ஆகாய விமானத்தின் வித்து இவ்வெண்ணமே.

அவ்வித்துக்கு நீர் வார்த்தவர் ஜெர்மானியரான ஒட்டோ லிலியந்தால். 1848 இல் அங்கிளாம் என்னும் சிற்றூரிற் பிறந்த அவர், தம்பி குஸ்தாவுடன் புல்வெளிகளிலே நாரைகள் எழுவதையும் இறங்குவதையும் இளமையிலேயே நோக்கி வந்தார். நம் மொழியிற் செங்கால் நாரை என வழங்கும் பறவையே அது. நோக்கியதோடு அவர் நின்றுவிடவில்லை, அளந்தார். சுழலும் பொறியொன்றிற் பலவகைப் பரப்புகளைப் பொருத்தி, காற்று அவற்றை எவ்வளவு தாங்குகிறது எனக் கணக்கிட்டார். தட்டையான பரப்பைவிடச் சிறிது வளைந்த பரப்பே நன்கு தாங்கும் எனக் கண்டார். அம்முடிபுகளை 1889 இற் பறவைப் பறப்பைப் பற்றிய நூலாக வெளியிட்டார்.

1891 இலிருந்து தாமே அமைத்த சறுக்குப் பொறிகளிற் குன்றுகளினின்று பறக்கலானார். ஏறக்குறைய இரண்டாயிரம் முறை பறந்தார். 250 மீற்றர் தூரம்வரை சென்றார். ஆயினும் அவரது பொறியில் ஒரு குறை இருந்தது. அது சரியும்போது தம் உடலை இப்புறமும் அப்புறமும் அசைத்தே அவர் சமநிலை பெறவேண்டியிருந்தது. 1896 ஓகஸ்ட் 9 ஆந் திகதி பறந்துகொண்டிருக்கையிற் பொறி தாங்குவலி இழந்து வீழ்ந்தது. மறுநாள் பேர்லினில் அவர் உயிர் நீத்தார்.

அச்செய்தியை அமெரிக்காவிலே துவிச்சக்கர வண்டி செய்து விற்ற றைற் சகோதரர் படித்தனர். அஞ்சி விலகாமல், அவர் எங்கே தவறினார் என ஆராய்ந்தனர். ஐந்தாண்டுக் காலத்தில் லிலியந்தால் உண்மையில் வானிற் கழித்த நேரம் மொத்தம் ஐந்து மணி அளவே என வில்பர் றைற் கணக்கிட்டார். ஐந்து மணி நேரப் பயிற்சியுடன் துவிச்சக்கர வண்டியைச் சன நெருக்கமான தெருவில் ஓட்டத் துணிவார் யார்? ஆகவே சமநிலையே முதற் பிரச்சினை எனத் தெளிந்தனர். பறவை தன் சிறகு நுனியை முறுக்கிச் சமநிலை பெறுவதை வில்பர் கவனித்திருந்தார். தம் பொறியின் சிறகையும் அவ்வாறே முறுக்கும்படி அமைத்தனர். லிலியந்தாலின் அட்டவணைகளைக் கண்மூடி ஏற்காது, 1901 இற் காற்றுக்குழாய் அமைத்துத் தாமே அளந்தனர். 1903 டிசெம்பர் 17 இல் ஓர்வில் றைற் 12 செக்கன் நேரம் 120 அடி பறந்தார். அன்றைய நான்காம் பறப்பில் வில்பர் 852 அடி சென்றார்.

அம்மாணவனின் வினாவுக்கும் விடை கிடைத்தது. 1979 இல் பிரயன் அலன் என்பார், எந்திரம் எதுவுமின்றித் தம் காலால் மிதித்தே ஒரு விமானத்தைச் செலுத்தி ஆங்கிலக் கால்வாயைக் கடந்தார். புயத்தாலன்று, காலால், சிறகடித்தன்று, விசிறி சுழற்றி. பொரெல்லி கண்ட தடையும் கெயிலி கண்ட வழியும் அங்கே ஒன்றுகூடின.

பறவையைப் பார்த்தோர் பலர். அதன் தோற்றத்தைப் பின்பற்றினோர் வீழ்ந்தனர். அதன் விதியை ஆராய்ந்தோர் எழுந்தனர். வீழ்ந்தவரின் ஏட்டையும் மூடிவைக்காமல், பிழை கண்ட இடத்தில் திருத்தி, மேலும் எழுதியமையாலேயே இன்று நாம் வானூர்தியிற் செல்கின்றோம். நம் பிள்ளைகள் பேதைமையானதென்று தோன்றும் வினாவைக் கேட்கும்போது நகையாதிருப்போம். அளந்து பார்க்கச் சொல்லிக்கொடுப்போம்.