கூழைக்கடா எழுதும் கணக்கு

சென்னையில் வீட்டருகே மான்களைக் காணும் பேறு தென்பகுதிக்கே வாய்த்தது. 1978-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட கிண்டிக் காட்டையும் அதனையொட்டிய ஐ.ஐ.டி. வளாகத்தையும் சார்ந்து வாழ்வோருக்குப் புள்ளிமான் அன்றாடக் காட்சி. வியாசர்பாடியில் வாழும் எங்களுக்கு மான் இல்லை, பறவைகள் உண்டு. கொடுங்கையூர் குப்பைக் கிடங்கின்மீது கரும்பருந்துகள் கூட்டமாக வட்டமிடும். கேப்டன் காட்டன் கால்வாயோரம் உண்ணிக்கொக்குகள் நிற்கும்.

பறவைகள் மிகுந்திருந்தால் இயற்கை நலமாக இருக்கிறது என்று பலரும் எண்ணுகின்றனர். அது எப்போதும் சரியன்று. கரும்பருந்து கழிவைத் தின்று பெருகும் பறவை. அதன் எண்ணிக்கை காட்டுவது காட்டின் வளத்தை அன்று, நம் குப்பையின் அளவை. இங்கிருந்து சில கிலோமீட்டர் வடக்கே, எண்ணூர்க் கழிமுகத்தில் இறங்கும் கூழைக்கடாவின் கணக்கு வேறு. மீன் இருக்கும் நீரையே அது நாடும்.

கொசஸ்தலையாற்றின் நன்னீரும் கடல் ஓதம் கொணரும் உப்புநீரும் கலக்கும் இடம் இது. இந்தக் கலப்பு நீரில்தான் இறால் குஞ்சுகள் வளர்கின்றன. சேற்றில் வாழும் நுண்ணுயிர்களை நாடிப் பூநாரைகள் வருகின்றன. அதே சேற்றில் கைகளால் துழாவி இறால் பிடித்து இருளர்கள் பிழைக்கின்றனர். அனல் மின் நிலையச் சாம்பல் படிந்து ஆழம் குறையும்போது பறவையும் மனிதரும் ஒருசேர இழக்கின்றனர்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி தொழிற்பகுதியின் எண்ணெய்க் கழிவு கழிமுகத்தில் பரவியது. கூழைக்கடாக்களின் வெண்சிறகுகள் கருத்தன. எண்ணெய் தோய்ந்த இறகு நீரைத் தடுக்காது. உடல் வெப்பத்தையும் காக்காது. படகுகளும் வலைகளும் பாழாயின. மீனவக் குடும்பங்களுக்கு அரசு நிவாரணம் வழங்கியது. அது தேவையானதே. ஆனால் இழந்த வருவாயில் ஒரு பகுதியைத்தான் நிவாரணம் ஈடுசெய்யும். சேற்றுக்குள் இறங்கிய எண்ணெயை அது எடுக்காது.

பொருளியலில் இதனைப் புறவிளைவு என்போம். உற்பத்தியாளர் ஏற்காத செலவு பிறர் தலையில் விழுவதே அது. அந்தச் செலவை அதை உண்டாக்கியவரிடமே வரியாகப் பெற வேண்டும் என்று ஆர்தர் பிகூ 1920-இலேயே எழுதினார். நடைமுறையில் தடை ஒன்றுண்டு: இறாலுக்குச் சந்தை விலை இருக்கிறது, அதனை வளர்க்கும் சேற்றுக்கு இல்லை. விலையில்லாதது திட்ட மதிப்பீட்டில் சுழியமாகிவிடுகிறது.

இந்தச் சுழியத்தை நிரப்பப் பறவைகள் உதவும். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் சனவரிதோறும் நடைபெறுகிறது. தொழிற்சாலை விரிவாக்கத்துக்கு அனுமதி வழங்குமுன், கழிமுகத்தின் பல ஆண்டுப் பறவைக் கணக்கையும் மீனவர்களின் மீன்வரவுக் கணக்கையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டும் சேர்ந்து சரிந்தால், லாபம் என்று காட்டப்படும் தொகையில் யாருடைய வாழ்வாதாரம் அடங்கியிருக்கிறது என்பது விளங்கும்.