துப்பாக்கிக்கேற்ற தோட்டா

திருவனந்தபுரம் வட்டியூர்க்காவில், 2015ஆம் ஆண்டுத் தேசிய விளையாட்டுகளுக்கென அமைந்த துப்பாக்கி சுடுகளத்தை அன்பர்கள் அறிவீர்கள். 1972ஆம் ஆண்டு வனவுயிர்ச் சட்டமும் அதன் 1991ஆம் ஆண்டுத் திருத்தமும் முயல் வேட்டை போன்றவற்றுக்கு முடிவு கட்டின, உரிமம் பெற்ற.22 துப்பாக்கிக்கு இன்று உரிய இடம் இத்தகைய களமே.

சுடப் பயிலும் பிள்ளைக்கு எந்தத் தோட்டா நல்லது? விலை மிகுந்ததே என்பார் பலர். அது முழு உண்மையன்று. இத்தோட்டாவில் தீப்பற்றும் மருந்து அடிவிளிம்பினுள் பரவியிருக்கிறது. அது சீராகப் பரவாவிடில் வேகம் மாறும். குண்டு மேலும் கீழும் சிதறும். ஐம்பது மீட்டருக்கு அப்பால் பத்துப் புள்ளி வட்டத்தின் குறுக்களவோ 10.4 மில்லிமீட்டர்தான்! குற்றம் தோட்டாவினதாயிருக்க, பிள்ளை தன் கையை நொந்துகொள்வான்.

ஆகவே, ஒலியினும் மெதுவாகச் செல்லும் தோட்டாக்களில் சில வகைகளைச் சிறிதளவே வாங்குக. பயிற்சியாளர் முன்னிலையில், துப்பாக்கியைத் தாங்கியில் இருத்தி, வகைக்குப் பத்தாகச் சுட்டுப் பார்க்க. துளைகள் நெருங்கி விழும் வகையின் தொகுதி எண்ணைக் குறித்துக்கொண்டு, அதே எண்ணில் மிகுதியாக வாங்குக. பெயர் ஒன்றாயினும் தொகுதி மாறினால் குணமும் மாறும். பொருளும் மிஞ்சும், பிள்ளையின் ஊக்கமும் குன்றாது.