பகடிவதை: பார்த்து நிற்பவர் பேசினால் நிற்கும்

பள்ளியில் நடக்கும் எல்லாச் சண்டையும் பகடிவதை ஆகாது. நோகடிக்கும் எண்ணம், திரும்பத் திரும்ப நடப்பது, எதிர்க்க முடியாத வலிமை வேறுபாடு ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் அது பகடிவதை என்று நார்வே உளவியலாளர் டான் ஒல்வெயுஸ் வரையறுத்தார். அந்நாட்டில் 1982இல் மூன்று சிறுவர்கள் உயிரை மாய்த்துக்கொண்டதை அடுத்து, 1983இல் அவருடைய தடுப்புத் திட்டம் பள்ளிகளுக்கு வந்தது.

மலேசியாவில், கேமரன் மலையின் கோலா தெர்லா போன்ற தோட்டப்புறங்களில் படிவம் ஒன்று சிக்கலான கட்டம். ஆறாண்டுகள் தமிழ்ப்பள்ளியில் அறிந்த முகங்களோடு படித்த பிள்ளைகள், 13 வயதில் பெரிய மலாய்வழி இடைநிலைப்பள்ளிக்குப் போகிறார்கள். மலாய் உச்சரிப்பு, தோல் நிறம், தோட்டத்து முகவரி எதுவும் கேலிக்குப் பொருளாகலாம். பேருந்தின் கடைசி வரிசை, கழிப்பறை, சிற்றுண்டிச்சாலை என ஆசிரியரின் கண் எட்டாத இடங்களில் தொடங்குவது, இரவில் வகுப்பின் புலனக் குழுவில் தொடர்கிறது. கைச்செலவுக் காசு அடிக்கடி காணாமல் போவது, கிழிந்த புத்தகம், திங்கட்கிழமை காலை வயிற்றுவலி ஆகியவற்றைப் பெற்றோர் அலட்சியப்படுத்தக் கூடாது.

பகடிவதைக்குப் பெரும்பாலும் பார்வையாளர்கள் உண்டு. கனடாவின் டொராண்டோ தொடக்கப்பள்ளிகளில் நடந்த ஆய்வு 2001இல் வெளிவந்தது. பதிவான நிகழ்வுகளில் 88 விழுக்காட்டில் மற்ற மாணவர்கள் உடனிருந்தார்கள். 19 விழுக்காட்டில் மட்டுமே யாராவது தலையிட்டார்கள். அப்படித் தலையிட்டபோது பாதிக்கும் மேற்பட்ட முறை பத்து வினாடிக்குள் வதை நின்றது. பின்லாந்தின் துர்க்கு பல்கலைக்கழகம் உருவாக்கிய கிவா என்ற பகடிவதைத் தடுப்புத் திட்டம் குறிவைப்பதும் இந்தப் பார்வையாளர்களைத்தான். சிரிக்காமல் இருப்பது, பாதிக்கப்பட்டவன் அருகே போய் அமர்வது, ஆசிரியரிடம் சொல்வது என ஒவ்வொரு மாணவனுக்கும் முடிந்ததை அது வகுப்பிலேயே பழக்குகிறது.

மலேசியாவில் சட்டமும் இறுகியுள்ளது. 2024 ஜூலையில் சமூக ஊடகப் பிரபலம் அ. ராஜேஸ்வரி இணையப் பகடிவதைக்கு ஆளாகி இறந்தது நாட்டை உலுக்கியது. அதன்பின் பகடிவதைக்கு எதிராகத் தண்டனைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 507பி முதல் 507ஜி வரையிலான பிரிவுகள் 2025 ஜூலை 11இல் நடப்புக்கு வந்தன.

ஆனால் சட்டம் வருவது காயம் பட்ட பிறகு. தடுப்பது பள்ளியின் வேலை. ஓய்வுநேரத்தில் ஆசிரியர் சுற்றிவர வேண்டும். பேருந்திலும் ஒரு பெரியவர் பொறுப்பேற்க வேண்டும். புகார் சொன்ன பிள்ளையின் பெயர் வெளியே போகக் கூடாது. கட்டொழுங்கு ஆசிரியரும் ஆலோசக ஆசிரியரும் இரு தரப்பையும் தனித்தனியே விசாரிக்க வேண்டும். வதைத்தவனுக்கும் தண்டனையோடு வழிகாட்டல் தேவை. பெற்றோர் ஆசிரியர் சங்கம் படிவம் ஒன்றுக்குப் போகும் பிள்ளைகளை மூத்த மாணவர்களுடன் முன்கூட்டியே பழகவைக்கலாம். பள்ளியில் சொல்லத் தயங்கும் பிள்ளை 15999 என்ற தாலியான் காசே உதவி எண்ணை எந்நேரமும் அழைக்கலாம்.