எம்.ஆர்.ஐ. காந்தம் மூளையை என்ன செய்யும்?

தலைக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்லி டொக்டர் துண்டு எழுதித் தந்தால், புத்தளத்து வீடுகளில் ஸ்கேனைவிட அதன் காந்தத்துக்குத்தான் பயம். இரத்தத்தில் இரும்பு இருக்கிறதே, இழுக்காதா? இழுக்காது. அது ஆணி இரும்பு போலக் கட்டியாக இல்லை. ஹீமோகுளோபினுக்குள் அணு அணுவாகப் பிரிந்து கிடக்கிறது.

காந்தம் பெரியதுதான். பரவலாக உள்ள 1.5 டெஸ்லா இயந்திரம், நம் பக்கத்துப் பூமிக் காந்தத்தைவிட 30,000 மடங்குக்கும் மேல் வலியது. ஆனாலும் உடம்பு நீரிலுள்ள ஹைட்ரஜன் கருக்களில் பத்து லட்சத்துக்கு ஏறக்குறைய ஐந்தைத்தான் அது கூடுதலாகத் தன் பக்கம் திருப்புகிறது. படமே அந்த ஐந்திலிருந்து வருவதுதான்! வெளியே வந்ததும் அவை பழையபடி ஆகிவிடும். எக்ஸ்ரே, சி.டி. கதிர் இதில் கிடையாது.

உண்மையில் காந்தத்துக்கு முதலில் அசைவது உட்காது. அதன் சமநிலைக் குழாய்களில் இருப்பது உப்புகள் கரைந்த திரவம். உப்புத் தண்ணீரில் மின்சாரம் ஓடும் என்பது உப்பளத்து ஊருக்குப் புதிதல்ல. காதுக்குள் இயல்பாக ஓடும் அந்தச் சிறு மின்னோட்டத்தைக் காந்தம் பக்கவாட்டில் தள்ள, திரவமும் நகர்கிறது; தலை சுழல்வதாக மூளை நம்பிவிடுகிறது. 2011இல் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தினர் 7 டெஸ்லா இயந்திரத்தில் ஆட்களைப் படுக்கவைத்து, இருட்டில் அவர்களின் கண்கள் தாமாக ஆடுவதைப் பதிவுசெய்தார்கள். உட்காதின் சமநிலைப் பகுதி செயலிழந்தவர்களுக்குக் கண் ஆடவில்லை. 1.5 டெஸ்லாவில் பெரும்பாலோருக்கு எதுவும் தெரியாது. தெரிந்தாலும் சற்று நேரத்தில் அடங்கும்.

மூளை நரம்பைத் தூண்ட வேண்டுமானால், காந்தம் கண்சிமிட்டும் நேரத்துக்குள் மாற வேண்டும். 1985இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் அந்தனி பார்க்கர் குழுவினர் தலைமேல் கம்பிச்சுருளை வைத்து அப்படித்தான் கையை அசையவைத்தார்கள். மனச்சோர்வுக்கு இன்று அது ஒரு சிகிச்சை. ஸ்கேனிலும் மாறும் காந்தங்கள் உண்டு. தடதடச் சத்தம் அவற்றால்தான். அவை மூளையைத் தூண்டாத அளவுக்குள்ளேயே வைக்கப்படுகின்றன.

பயப்பட வேண்டியது உலோகத்துக்கு. 2018 ஜனவரியில் மும்பை நாயர் ஆஸ்பத்திரியில் ஒட்சிசன் சிலிண்டரோடு ஸ்கேன் அறைக்குள் போன ஓர் இளைஞர் உயிரிழந்தார். ஆகவே பர்தா பின், தாயத்துக்கூடு, போன் எல்லாம் வெளியே. கற்பிட்டியில் படகு வேலைக்குக் கிரைண்டர் பிடித்தபோது எப்போதோ கண்ணில் இரும்புத்தூள் தெறித்திருந்தால், அதையும் சொல்லுங்கள். கண்ணுக்குள் தங்கிய துணுக்கு நகர்ந்தால் பார்வையே போகலாம். மூளை இரத்தக்குழாயில் கிளிப், நெஞ்சில் பேஸ்மேக்கர் இருப்பவர்கள் அதற்கான அட்டையைக் கையோடு கொண்டுபோக வேண்டும். சிலவற்றோடு ஸ்கேன் எடுக்கலாம், சிலவற்றோடு முடியாது. அட்டையைப் பார்த்துத்தான் சொல்வார்கள்.